ஒற்றைக் கோடு

கொரோனா வந்ததிலிருந்து பாஞ்சாலி ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் டாக்டர் ஜீவானந்தம். 2021 டிசம்பர் கடைசியில், குடியரசு தினத்தன்று நற்சான்றிதழ் பெற ஒருவர் பெயரை எழுதி அனுப்பும்படி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் பாஞ்சாலியின் பெயரில் நின்றார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துதான் இருந்தது.

"சிஸ்டர், நீங்க லீவே போடலியா?"

"போட்டா யாரு சார் பாக்கறது?" என்று சொல்லிவிட்டுப் பாஞ்சாலி ஊசி அறைக்குப் போய்விட்டாள். பெருமைக்காகச் சொன்னதல்ல. அது அவளுக்கு அன்றுவரை பெருமையாகத் தெரிந்ததே இல்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, அத்திக்கொல்லை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். பிறந்தது காவலூர்ப் பக்கம் இருபது வீடுள்ள ஒரு ஊரில். அப்பா அம்மா இரண்டு பேரும் சாமை விதைத்தார்கள், புளி உலுக்கினார்கள். விடுதிப் பள்ளியில் படித்து, வேலூரில் நர்சிங் முடித்தாள். அவள் ஊரிலிருந்து அந்தப் படிப்புப் படித்த முதல் பெண் அவள்தான். வேலூரில் ஒரு டீச்சர் கடைசி வரைக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் மலை, இங்க வா" என்பாள். மூன்று வருடமும் பாஞ்சாலி அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஜனவரி பத்தாம் தேதி, அவள் பெயர் உறுதியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். திருவண்ணாமலையில் விழா, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அன்று சாயங்காலம் ஜமுனாமரத்தூருக்குப் போய் ஒரு புது வெள்ளைச் சேலை எடுத்தாள். அவள் கணவர் சிவசங்கர் காவலூர் வானாய்வு மையத்தில் தோட்ட வேலை பார்த்துவந்தார். மறுநாள் அங்கே டீ குடிக்க வந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். மைக்கில் தன் பெயர் எப்படிக் கேட்கும் என்று பாஞ்சாலி வண்டி ஓட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு வெட்கப்பட்டாள்.

ஜனவரி பிறந்ததிலிருந்தே மலையில் காய்ச்சல் பரவியிருந்தது. நிலையத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். யாருக்கு இருமல் வந்தாலும் சளி மாதிரி எடுத்துக் கீழே அனுப்ப வேண்டும். முடிவு வர மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் அவர் வேலைக்கு வர முடியாது. பல பேருக்கு அது வெறும் பனிச்சளியாக இருந்தது. அப்படி ஒரு நாள் இன்னொரு நர்ஸ் காந்தா முடிவுக்காக வீட்டில் காத்திருந்தாள், பாஞ்சாலி தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தாள். வலியோடு வந்த ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்ப, மலைப்பாதையின் வளைவிலேயே பிரசவம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். காந்தாவுக்கு இரண்டு நாள் கழித்து ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டர் ஜீவானந்தம் ஒரு ஏற்பாடு செய்தார். கால் மணி நேரத்தில் முடிவு காட்டும் கிட்டுகள் ஒரு பெட்டி வரவழைத்தார். தொண்டை கரகரத்தால்கூட, வேலைக்கு வருகிறவர் நேராகப் பின்கட்டுக்குப் போக வேண்டும். லேப் டெக்னீஷியன் நவீன்குமார் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் பார்ப்பான். பட்டையில் ஒற்றைக் கோடு வந்தால் நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். இரட்டைக் கோடு வந்தால் ஏழு நாள் வீடு. உடம்பில் சூடு இருந்தால் மட்டும், ஒற்றைக் கோடு வந்தாலும் அன்று வேலை இல்லை, மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும். மருந்து கொடுக்கிறவரும் ஆம்புலன்ஸ் டிரைவரும் அப்படிப் பார்த்து அரை மணியில் வேலைக்குத் திரும்பினார்கள். நல்ல ஏற்பாடுதான். பின்னால் எல்லாம் நடந்து முடிந்த பிறகும் பாஞ்சாலி அதைக் குறை சொன்னதில்லை.

ஜனவரி பத்தொன்பது, புதன்கிழமை. விடியும்போதே பாஞ்சாலிக்குத் தொண்டையில் முள் மாட்டிய மாதிரி இருந்தது. இடுப்பு விட்டுப்போனது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நூற்றொன்று. அடுப்பின் முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி. ஏழு நாள் என்றால் இருபத்தைந்தாம் தேதி வரைக்கும். ஆனால் தொற்று என்று அவள் பெயர் ஒரு முறை வெளியே வந்துவிட்டால் விழாவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். யார் அவளை அந்தக் கூட்டத்தில் நிற்க விடுவார்கள்?

காந்தாவுக்கு அந்த வாரம் உண்மையிலேயே இரட்டைக் கோடு வந்து வீட்டில் இருந்தாள். பாஞ்சாலியும் போகாவிட்டால் நிலையத்தில் நர்ஸே கிடையாது. பிற்பாடு எத்தனையோ முறை அவள் இதைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அது பொய் இல்லை. ஆனால் அன்று காலை அடுப்பின் முன்னால் அவள் காந்தாவை நினைக்கவில்லை, பிரசவத்துக்கு வரப்போகிற எந்தப் பெண்ணையும் நினைக்கவில்லை. மைக்கைத்தான் நினைத்தாள். ஆறு மணிக்கு ஒரு காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டாள். எட்டரைக்கு நிலையத்தில் வண்டியை நிறுத்தும்போது உடம்பு குளிர்ந்திருந்தது.

பின்கட்டில் நவீன்குமார் முதல் நாள் முகாமில் எடுத்த மாதிரிக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கண்ணமங்கலத்துப் பையன், இருபத்தாறு வயது. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னாக்கா, உங்களுக்குமா? ஜொரம் கீதா?"

"இல்லப்பா. தொண்டதான் கரகரன்னுது."

"ரெண்டு நிமிஷம் இருங்க. இத்த முடிச்சிட்டு வந்துர்றேன். வண்டி வந்துடும்."

"நீ உன் வேலையப் பாரு. நான் எத்தினி பேருக்கு எடுத்திருக்கேன், எனக்கு நானே எடுத்துக்க மாட்டனா?"

அவன் சிரித்துவிட்டு ஒரு கிட்டை நகர்த்திக் கொடுத்தான். கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி. அதைப் பார்த்து பாஞ்சாலி குச்சியை மூக்கில் வைத்தாள். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வர வேண்டும், அப்போதுதான் சரியாக எடுத்ததாக அர்த்தம் என்று காந்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அன்று குச்சி மூக்குத் துவாரத்தின் ஓரத்தைத் தாண்டவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினாள். கண்ணாடியில் தன் கையைப் பார்த்துக்கொண்டே சுற்றினாள். கண் ஈரமாகவில்லை.

கால் மணி கழித்து நவீன்குமார் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "ஒத்தக் கோடுதாங்க்கா. போங்க, வெளியில முப்பது பேரு நிக்கறாங்க."

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் பின்னால் அவளை அதிகம் அறுத்தது.

நிலையத்தில் அம்மாக்கண்ணு என்று ஒரு ஆஸ்பத்திரிப் பணியாளர் இருந்தார். ஐம்பத்துநான்கு வயது. தரை துடைப்பது, கருவிகளை வேகவைப்பது, பிரசவத்தின்போது பெண்களின் தலைமாட்டில் நின்று தைரியம் சொல்வது எல்லாம் அவர்தான். சர்க்கரை உண்டு. முதல் கொரோனா ஊசி போட்டபோது நான்கு நாள் காய்ச்சலில் கிடந்ததால் இரண்டாவது ஊசிக்குப் பிடிகொடுக்காமல் தப்பித்துக்கொண்டே இருந்தார். பாஞ்சாலியின் ஊருக்கு அடுத்த ஊர். மற்றவர்கள் முன்னால் சிஸ்டர் என்பார், தனியாக இருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மருந்துகள் வைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்த மாதத்தில் வெளியே பனிக்காற்று உட்கார விடாது.

புதன்கிழமை மதியம் அம்மாக்கண்ணு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டு வந்திருந்தார். மாஸ்க்கைக் கழற்றிய பாஞ்சாலியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னாமே, கண்ணு செவந்து கெடக்குது?" கேட்டுக்கொண்டே நெற்றியில் புறங்கையை வைத்தார். காலையில் போட்ட மாத்திரையின் வேகம் அதற்குள் இறங்கியிருந்தது. "ஒடம்பு சுடுதே."

"டெஸ்ட் பாத்தாச்சிக்கா. ஒண்ணுமில்லன்னுட்டான். பனிதான்."

"அப்பிடியா? அப்ப என் கையிதான் சூடா கீது போல. இப்பதான் வெந்நி எறக்கி வெச்சேன்."

அத்தோடு விடவில்லை. சாயங்காலம் நொச்சித் தழை பறித்து வந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாஞ்சாலியை ஆவி பிடிக்க உட்கார வைத்தார். பாத்திரம் சாய்ந்துவிடக் கூடாது என்று தானும் அதே போர்வைக்குள் தலையை விட்டுப் பிடித்துக்கொண்டார். "நல்லா இழு. உள்ள போவட்டும். ஏழு நாளு கழிச்சி விழாவுல மூக்க உறிஞ்சிக்கினா நிக்கப் போற?" என்று சிரித்தார். வியாழனும் வெள்ளியும் அப்படியே நடந்தது. பாஞ்சாலி வேண்டாமென்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். சொல்லவில்லை.

சனிக்கிழமை பாஞ்சாலிக்குச் சரியாகிவிட்டது. திங்கட்கிழமை காலை அம்மாக்கண்ணு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்கட்டில் வந்து நின்றார். நவீன்குமார் குச்சியை ஆழமாக விட்டதில் அவருக்குக் கண்ணீர் வந்தது. இரட்டைக் கோடு. இரண்டாவது கோடு அழுத்தமாக, சிவப்பாக விழுந்திருந்தது.

அவரோடு பழகினவர்கள் எல்லாரும் உடனே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பாஞ்சாலி ஒரு கிட்டை எடுத்துக்கொண்டு ஊசி அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டாள். இந்த முறை சரியாக எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு கோடும் வந்துவிட்டன. சிறிது நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கழிவுகள் போடும் சிவப்புப் பையின் அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

"சிஸ்டர், பாத்தீங்களா?"

"பாத்துட்டேன் சார்."

"எப்படி?"

"ஒத்தக் கோடுதான் சார்."

புதன்கிழமை செய்ததைக் கைதான் செய்தது, முடிவைச் சொன்னது நவீன்குமார்தான் என்று இதுவரை சாக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது வாயைத் திறந்து சொல்லியாகிவிட்டது. அந்த நாள் முழுக்க இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டாள். யாரிடமும் நெருங்கவில்லை, தனியாக மரத்தடியில் சாப்பிட்டாள். அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாக்கண்ணுவின் கணவர் கருப்பன் அவரை டிராக்டரில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார். மூச்சு இரைத்தது. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் எண்பத்தாறு. ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். பாஞ்சாலி மாஸ்க்கைச் சரி செய்யக் குனிந்தபோது அம்மாக்கண்ணு கையால் அவளைத் தள்ளினார்.

"கிட்ட வராத," என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. "நாளைக்கு உனக்கு விழாவு. என்னால உனக்கு வந்துடப் போவுது."

ஆம்புலன்ஸ் போன பிறகு பாஞ்சாலி கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கதவைத் திறந்தாள். வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் கையில் குழந்தை. வேலையைப் பார்த்தாள்.

இருபத்தாறாம் தேதி மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். ஊர்ப் பெயரையும் சேர்த்து, தெளிவாக, நிறுத்திச் சொன்னார்கள். கூட்டம் அதிகமில்லை. இடைவெளி விட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சான்றிதழை வாங்கும்போது அவள் தரையைப் பார்த்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்து போட்டோ எடுப்பவர், "சிரிங்க மேடம்" என்றார். மாஸ்க் போட்டிருந்ததால் சிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஊரில்தான் அம்மாக்கண்ணுவைச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரி. விழா முடிந்ததும் கணவரை பஸ் நிலையத்தில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனாள். வார்டுக்குள் விடவில்லை. வெளியே சுவரோரம் கருப்பன் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சிஸ்டரு. காத்து வெச்சிருக்காங்களாம். பேச்சு இல்ல." அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். "அத்தக் காட்டுங்க." எழுத்துப் படிக்கத் தெரியாதவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். "அவ பாத்திருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருப்பா. ஒரு வாரமா இதே பேச்சுதான் வூட்ல."

பாஞ்சாலி அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதுச் சேலை அழுக்காகும் என்று அவர்தான் பதறினார்.

அம்மாக்கண்ணு பதின்மூன்று நாள் கழித்து வீடு திரும்பினார். உயிர் தப்பியது, நுரையீரல் தப்பவில்லை. பத்தடி நடந்தால் நிற்க வேண்டும், ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. வேலையை விட்டுவிட்டார். நிலையத்தில் பேச்சு வந்தபோது மருந்து கொடுக்கிறவர், "ரெண்டாவது ஊசியப் போட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது" என்றார். பாஞ்சாலி தலையாட்டினாள்.

பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மாக்கண்ணு ஒரே கதையைச் சொன்னார். சனிக்கிழமை சந்தைக்குப் போகாதே என்று கருப்பன் சொல்லியும் கேட்காமல் போனாராம். அங்கேதான் ஒட்டிக்கொண்டதாம். "நல்லவேளை, உனக்கு வரல. வந்திருந்தா ரெண்டு புள்ளைங்கள வெச்சினு இன்னா பண்ணியிருப்ப? எனக்கு அந்த பயம்தான் ஆஸ்பத்திரியில."

சந்தைக்கு முன்பே அவருக்கு உடம்பு வலி தொடங்கியிருந்தது என்று பாஞ்சாலிக்குத் தெரியும். அவரே வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தார். அவருக்கு அது மறந்துவிட்டது.

நான்கு மாதம் தள்ளிப்போட்டாள். ஜூன் மாதம் ஒரு நாள் சர்க்கரை பார்க்கப் போனபோது கருப்பன் கொல்லைக்குப் போயிருந்தார். அம்மாக்கண்ணு பலாப்பழம் அரிந்து, எண்ணெய் தடவிய கையால் சுளை எடுத்துக்கொண்டிருந்தார். பாஞ்சாலி கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மாத்திரையிலிருந்து தொடங்கி, கண்ணாடி, குச்சி, சிவப்புப் பை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அழக்கூடாது என்று நினைத்து வந்திருந்தாள், அழவில்லை.

அம்மாக்கண்ணு சுளையைத் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தொட்டுப் பாத்தனே. சுட்டுதுன்னு சொன்னனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் என் கையிதான் சூடுன்னு நெனச்சேன்."

பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். "அவருகிட்ட சொல்லாத. கத்தியத் தூக்கினு வந்துடுவாரு. நீ போ."

மறுநாள் பாஞ்சாலி டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். ஜீவானந்தம் அதை இரண்டு முறை படித்தார்.

"சிஸ்டர், அந்த கிட் ஒழுங்கா எடுத்தாலும் சில நேரம் தப்பா காட்டும். உங்ககிட்டேருந்துதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது."

"நான் ஒழுங்கா எடுக்கல சார்."

அவர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். அவள் சூடாக இருக்கிறாளா என்று அன்று யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை, அது தன் தவறும்தான் என்றார். இரண்டே நர்ஸ் இருக்கும் இடத்தில் வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்றும் சொன்னார். கடிதத்தை மேலே அனுப்பினார். விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. அவள் மறுபடியும் அதையே எழுதி அனுப்பினாள். ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அதைவிடப் பெரிதாக ஏதாவது கொடுத்திருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

நிலையத்தில் அதன் பிறகு யாரும் தனக்குத் தானே குச்சி விட்டுக்கொள்வதில்லை. முதலில் தெர்மாமீட்டர், பிறகுதான் கிட். கொரோனா அடங்கி வேறு காய்ச்சல்கள் வந்த பிறகும் அதே வழக்கம்தான். நவீன்குமார் கொஞ்ச நாள் பாஞ்சாலியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பட்டையைப் பார்த்துச் சொன்னவன் அவன்தானே. பிறகு பேசினான்.

அம்மாக்கண்ணு ஒரு வருடத்துக்கு மேல் அவளை வீட்டுக்குள் விடவில்லை. சர்க்கரை பார்க்க நிலையத்துக்கு வந்தால் காந்தாவிடம் கையை நீட்டுவார். பாஞ்சாலி இருக்கும் பக்கம் பார்க்க மாட்டார், ஆனால் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை. நுரையீரலைக் காட்ட மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலூர் போக வேண்டும். அங்கே டாக்டர்கள் சொல்வது புரியவில்லை, கூட வந்தால் நன்றாக இருக்கும் என்று கருப்பன்தான் ஒரு நாள் பாஞ்சாலிக்குப் போன் செய்தார். அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

போனாள். அது வழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் அம்மாக்கண்ணு ஜன்னலோரம், நடுவில் கருப்பன், இந்தப் பக்கம் பாஞ்சாலி. போன மாதம் திரும்பி வரும்போது கருப்பன் வழக்கம்போலத் தொடங்கினார்.

"பெத்த பொண்ணுகூட இப்பிடி லீவு போட்டுட்டு கூட வராது. நீங்க எந்த ஜென்மத்துல இன்னா ஒறவோ சிஸ்டரு."

பாஞ்சாலி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், வுடு," என்றார் அம்மாக்கண்ணு, ஜன்னலிலிருந்து திரும்பாமல். "அவ வர்றது அவளுக்காவ."

"இவ ஒருத்தி. ஒடம்புக்கு முடியாம போனதுலேந்து வாயில நல்ல வார்த்தையே வராது," என்று கருப்பன் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அக்கா சொல்றது சரிதான்," என்றாள் பாஞ்சாலி.

அம்மாக்கண்ணு அப்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு இருமல் வந்துவிட்டது. பாஞ்சாலி எழுந்து, கருப்பனைத் தாண்டிக் குனிந்து, இருமல் அடங்கும்வரைக்கும் அவர் முதுகை நீவிக்கொடுத்தாள். அவர் தடுக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியிருந்தது.